நகராத எண்கள்: பிரிட்டனில் வரி விகிதம் ஏறாமலே வரி ஏறுவது எப்படி?

[திரையில்: ஒரு சம்பளச் சீட்டின் மேல்பகுதி]

வணக்கம். பிரிட்டனில் சம்பளம் வாங்குபவர் என்றால் உங்கள் சம்பளச் சீட்டை ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். தேசியக் காப்பீட்டு எண்ணுக்கு அருகில் வரிக் குறியீடு என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். பெரும்பாலானோருக்கு அதில் 1257எல் என்று அச்சாகியிருக்கும். கடைசியில் உள்ள எழுத்தை விட்டுவிட்டு, எண்ணுக்குப் பின்னால் ஒரு பூஜ்யத்தைச் சேருங்கள். 12,570. ஆண்டுக்கு அத்தனை பவுண்ட் வரை வருமான வரி கிடையாது, அதற்கு மேல் வரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் வரி உண்டு என்பதுதான் அதன் பொருள்.

2021 ஏப்ரலிலிருந்து இந்த எண் மாறவில்லை. பிரதமர்கள் மாறினார்கள்: ஜான்சன் போனார், ட்ரஸ் வந்த வேகத்திலேயே போனார், சுனக் போனார், ஆட்சியே கட்சி மாறியது. இடையில் 2022 அக்டோபரில் பணவீக்கம் 11.1 சதவீதத்தைத் தொட்டது; நாற்பது ஆண்டுகளில் அப்படியொரு ஏற்றம் இல்லை. 2023 மார்ச்சில் உணவுப் பொருள்களின் விலை, முந்தைய ஆண்டைவிட 19 சதவீதத்துக்கும் மேல் கூடியிருந்தது. 12,570 மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

விலைவாசி பற்றிப் பேசினால் எல்லோரும் ஏறுகிற எண்களைத்தான் பேசுகிறார்கள். வெண்ணெய் விலை, வாடகை, மின் கட்டணம். நியாயம்தான், அவைதான் கண்ணில் படுகின்றன. ஆனால் அரசின் கை எங்கே இருக்கிறது என்று தேடினால், ஏறாமல் நிற்கும் எண்களைத்தான் பார்க்க வேண்டும். இந்த வீடியோ அவற்றைப் பற்றியது.

[திரையில்: இரண்டு நெடுவரிசைகள். 2021, 2026]

ஒரு கணக்குப் போடுவோம். முப்பது வயதான ஒரு கடை ஊழியர், சட்டம் சொல்லும் குறைந்தபட்ச ஊதியத்தில் வாரம் 35 மணி நேரம், ஆண்டு முழுவதும் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2021 ஏப்ரலில் மணிக்கு 8.91 பவுண்ட். ஆண்டுச் சம்பளம் 16,216. அதில் 12,570 போக மீதி 3,646 பவுண்டுக்கு 20 சதவீத வரி. அதாவது 729 பவுண்ட்.

2026 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதியம் 12.71. அதே ஊழியர், அதே 35 மணி நேரம். சம்பளம் 23,132. அரசு பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் உயர்வு இது; சொல்லிக்கொள்ளட்டும், உண்மையிலேயே பெரிய உயர்வுதான். ஆனால் கழிவு அதே 12,570. மீதி 10,562க்கு 20 சதவீதம். வரி 2,112 பவுண்ட்.

சம்பளம் ஏறியது 43 சதவீதம். வருமான வரி ஏறத்தாழ மூன்று மடங்கானது. வரி விகிதம் அன்றும் 20, இன்றும் 20.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேர்மையாக இருக்காது. இதே காலத்தில் தேசியக் காப்பீட்டுப் பிடித்தம் 12 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைந்தது. அது தொடங்கும் வரம்பும் 9,568இலிருந்து 12,570க்கு உயர்ந்தது. அதனால் நம் ஊழியருக்கு அந்தப் பிடித்தம் சுமார் 800இலிருந்து 845 என்ற அளவிலேயே நின்றது. இரண்டையும் கூட்டினால் 2021இல் அவர் கையிலிருந்து போனது சுமார் 1,527 பவுண்ட். இப்போது போவது 2,957. கொடுத்த கையைவிட எடுத்த கை பெரிது. (ஸ்காட்லாந்தில் வரி விகிதங்கள் வேறு, ஆனால் 12,570 அங்கேயும் அதேதான்.)

ஆற்றில் வெள்ளம் ஏறும்போது படித்துறையின் படிகள் நகர்வதில்லை. நேற்று காய்ந்து கிடந்த படி இன்று தண்ணீருக்குள் இருக்கும், அவ்வளவுதான். நாடாளுமன்றத்தில் யாரும் எழுந்து 'வரியை உயர்த்துகிறோம்' என்று சொல்ல வேண்டிய அவசியமே வராது.

[திரையில்: 1977 என்ற ஆண்டு]

இது தெரியாமல் நடந்துவிடக் கூடாது என்று ஒருகாலத்தில் பிரிட்டன் சட்டமே போட்டுக்கொண்டது. எனக்கு மிகவும் பிடித்த கதை இது, கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

1970களின் நடுவில் பிரிட்டனில் விலைவாசி தறிகெட்டு ஓடியது. 1975இல் பணவீக்கம் 24 சதவீதம். சம்பளமும் கூடவே ஏறியது, வரி வரம்பு அதே வேகத்தில் ஏறவில்லை. விளைவு, அதுவரை வரியே கட்டாத ஏழைத் தொழிலாளர்கள் வரிக்குள் வந்து விழுந்தார்கள். 1977இல் நிதி மசோதா குழுவில் விவாதிக்கப்பட்டபோது ஜெஃப் ரூக்கர், ஆட்ரி வைஸ் என்ற இரண்டு உறுப்பினர்கள் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள்: விலைவாசி ஏறும் அளவுக்கு வரி விலக்கு வரம்பும் தானாக ஏற வேண்டும். இருவரும் ஆளும் தொழிற்கட்சிக்காரர்கள். எதிர்த்தது அவர்களுடைய சொந்த நிதியமைச்சர் டெனிஸ் ஹீலி. துணைக்கு வந்தது எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சியின் நைஜல் லாசன். பிற்காலத்தில் பிரதமர் தாட்சரின் நிதியமைச்சரானவர். எதிரெதிர்த் துருவங்கள் கைகோத்ததில் திருத்தம் நிறைவேறியது.

அந்த விதி இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. செப்டம்பர் மாதப் பணவீக்கம் எவ்வளவோ, அடுத்த ஏப்ரலில் வரம்பு அவ்வளவு ஏற வேண்டும். நாடாளுமன்றம் வேறுவிதமாக முடிவு செய்தால் ஒழிய. அந்தக் கடைசி வரிதான் ஓட்டை. 2021 மார்ச்சில், அப்போது நிதியமைச்சராக இருந்த ரிஷி சுனக் அதன் வழியாக நுழைந்து 2026 வரை உறைய வைத்தார். 2022 நவம்பரில் நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட் 2028 வரை நீட்டினார். 2024 அக்டோபரில் தொழிற்கட்சி நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், இதை மேலும் நீட்டினால் உழைக்கும் மக்களைத்தான் பாதிக்கும், நீட்ட மாட்டேன் என்றார். 2025 நவம்பரில் 2031 வரை நீட்டினார்.

தொழிற்கட்சியின் தேர்தல் அறிக்கை, வருமான வரி விகிதங்களை உயர்த்த மாட்டோம் என்றுதான் சொன்னது. சம்பளத்துக்கான விகிதம் உயரவில்லை. வாக்கு காப்பாற்றப்பட்டுவிட்டது என்று வக்கீல் வாதாடலாம்.

உறைய வைக்காமல் விட்டிருந்தால்? 2022 ஏப்ரல் முதல் அந்தந்த ஆண்டுக்குரிய செப்டம்பர் பணவீக்கத்தை வரிசையாகச் சேர்த்துப் பார்த்தேன்: 3.1, 10.1, 6.7, 1.7, 3.8. இன்று வரி விலக்கு வரம்பு 16,000 பவுண்டைத் தாண்டியிருக்கும். 20 சதவீத வரி கட்டுபவருக்கு, சம்பளம் அந்த அளவைத் தாண்டியிருந்தால், ஆண்டுக்குச் சுமார் 700 பவுண்ட் வித்தியாசம்.

அரசின் தரப்பும் இருக்கிறது. 2010இல் இந்த வரம்பு வெறும் 6,475. அடுத்த ஒன்பது ஆண்டுகளில் 12,500 ஆக, விலைவாசியைவிட வேகமாக ஏற்றப்பட்டது. பிறகு கொரோனா காலத்தில், வேலைக்குப் போக முடியாதவர்களின் சம்பளத்தை அரசே கொடுத்தது. இன்று கடனுக்கான வட்டி மட்டும் ஆண்டுக்கு 10,000 கோடி பவுண்டுக்கு மேல். பணம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். என் கோபம் வரியின் மேல் அல்ல. 'நாங்கள் வரியை உயர்த்தவில்லை' என்ற பேச்சின் மேல்.

[திரையில்: 50,270]

அடுத்த படி 50,270. அதற்கு மேல் போனால் 40 சதவீதம். ஒருகாலத்தில் மேலாளர்கள், மருத்துவ நிபுணர்கள் என்று வசதியானவர்களுக்கான விகிதம் அது. லண்டனுக்கு வெளியே இங்கிலாந்தில் ஒரு வகுப்பாசிரியர் எட்டக்கூடிய உச்ச ஊதியம் 2021இல் 41,604. 2025 செப்டம்பரில் அது 51,048. ஓய்வூதியப் பங்களிப்பைக் கழித்தால் இன்னும் கோட்டுக்குக் கீழே இருப்பார். ஆனால் 2031 வரை கோடு நகராது, சம்பளம் நகரும். ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கும் இப்படி ஒரு கோடு 2010 முதல் அசையாமல் நிற்கிறது. அவர்களுக்காக அழுவதற்கு அதிகம் பேர் வரமாட்டார்கள் என்பதால் அதைத் தாண்டிப் போவோம்.

முதியவர்களின் கணக்குதான் விசித்திரமானது. அரசு ஓய்வூதியம் ஆண்டுதோறும் மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு ஏறும்: சம்பள உயர்வு, பணவீக்கம், அல்லது 2.5 சதவீதம். 2026 ஏப்ரலில் முழு ஓய்வூதியம் வாரத்துக்கு 241.30 பவுண்ட். 52ஆல் பெருக்கினால் 12,547.60. வரி விலக்கு வரம்புக்கு இன்னும் 22 பவுண்ட் 40 பென்ஸ் மிச்சம். குறைந்தபட்ச உயர்வான 2.5 சதவீதமே வந்தாலும் 2027 ஏப்ரலில் அது கோட்டைத் தாண்டிவிடும். ஒரு கையால் ஓய்வூதியம் கொடுத்து மறுகையால் வரி பிடிக்கும் நிலை. அதைப் புரிந்துகொண்டுதான், வேறு வருமானமே இல்லாதவர்களிடம் அந்தச் சில்லறை வரியை வசூலிக்க மாட்டோம் என்று அறிவித்திருக்கிறார்கள். வரம்பை ஏற்றியிருந்தால் அந்தச் சலுகையே தேவைப்பட்டிருக்காது.

முதியவர்களைப் பற்றிப் பேசும்போது இதையும் காட்டிவிடுகிறேன்.

[திரையில்: 1972 – 10 பவுண்ட். 2025 – 10 பவுண்ட்]

ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கு டிசம்பரில் கிறிஸ்துமஸ் போனஸ் வருகிறது. 1972இல் பிரதமர் எட்வர்ட் ஹீத் காலத்தில் தொடங்கியபோது 10 பவுண்ட். அன்று ஒருவருடைய ஒரு வார ஓய்வூதியத்தைவிட அதிகம். இன்றும் 10 பவுண்ட். அதை ஒழித்தால் 'தாத்தா பாட்டியின் கிறிஸ்துமஸைப் பறித்தார்கள்' என்று செய்தித்தாள்கள் எழுதும். உயர்த்தினால் செலவு. அப்படியே விட்டுவிட்டால் தானாகக் கரைந்துவிடும், யாரும் பழி சொல்ல மாட்டார்கள். 2024இல் ரீவ்ஸ் குளிர்கால எரிபொருள் உதவித்தொகையை வெளிப்படையாகவே வெட்டினார். நாடே கொதித்தது, அடுத்த ஆண்டே பெருமளவு பின்வாங்க வேண்டியதாயிற்று. கத்தியால் வெட்டக் கூடாது, கரைய விட வேண்டும் என்ற பாடத்தை எல்லாக் கட்சிகளும் கற்றுக்கொண்டுவிட்டன.

வாடகைக்குத் தவிப்பவர்களுக்கும் இதே கதைதான். தனியார் வீட்டில் குடியிருக்கும் ஏழைக் குடும்பத்துக்கு அரசு தரும் வாடகை உதவிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2020 முதல் நான்கு ஆண்டுகள் அதை அசைக்கவில்லை. 2024 ஏப்ரலில் உயர்த்தினார்கள், மறுபடி உறைய வைத்தார்கள். வீட்டு உரிமையாளர் உறைய வைப்பாரா என்ன?

சரி, எல்லா எண்களும் உறைந்தா கிடக்கின்றன? நம்மவர்கள் பலருக்குப் பதில் தெரியும். விசாவில் வருபவர்கள் முன்கூட்டியே கட்டும் மருத்துவக் கட்டணம் 2015இல் ஆண்டுக்கு 200 பவுண்ட். பிறகு 400, பிறகு 624, 2024 பிப்ரவரி முதல் 1,035. இத்தனைக்கும் அவர்கள் சம்பளத்தில் வரியும் காப்பீடும் தனியாகப் போகின்றன. ஊரிலிருந்து கணவனையோ மனைவியையோ அழைத்துவரக் காட்ட வேண்டிய வருமானம் 18,600 பவுண்டாக இருந்தது, 2024 ஏப்ரலில் ஒரே தாவலில் 29,000 ஆனது. வாக்குரிமை இல்லாதவர்கள் நிறைய இருக்கும் இடத்தில் எண்களுக்குக் கால் முளைத்துவிடுகிறது.

[திரையில்: திருமணப் படி – 252 பவுண்ட்]

கடைசியாக, உங்கள் கைக்கு எட்டக்கூடிய ஒன்று. கணவன் மனைவியில் ஒருவர் வேலைக்குப் போகவில்லை, அல்லது ஆண்டு வருமானம் 12,570க்குக் கீழே. மற்றவர் 20 சதவீத வரி மட்டும் கட்டுகிறார் என்றால், பயன்படாத வரம்பில் 1,260 பவுண்டை அவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். ஆண்டுக்கு 252 பவுண்ட் வரை மிச்சம், முந்தைய நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கேட்கலாம். பதிவுத் திருமணமோ சிவில் இணைப்போ இருக்க வேண்டும். விண்ணப்பம் அரசு இணையதளத்தில் இலவசம். 'நாங்கள் வாங்கித் தருகிறோம்' என்று விளம்பரம் செய்யும் இடைத்தரகர்கள் கணிசமாகத் தரகு எடுத்துக்கொள்வார்கள், தேவையில்லை. குறைந்த வருமானம் உள்ளவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். பல வீடுகளில் சம்பாதிப்பவர் முயன்று பார்த்துவிட்டு 'நமக்குக் கிடையாதாம்' என்று விட்டுவிடுகிறார். இணைப்பைக் கீழே கொடுத்திருக்கிறேன்.