அடிக்கிற மணிக்கு முள் தெரியாது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். விரிவான வணக்கத்தை எதிரணித் தம்பி என் பங்குக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார். அந்த நேரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இணையத்தில் நல்ல எழுத்தை நம்மிடம் கொண்டுவந்து சேர்ப்பது கணினியின் பரிந்துரையா, மனிதர் கைகாட்டும் சுட்டியா, அதாவது லிங்க்கா? நான் சுட்டிக் கட்சி. காரணம் அப்புறம். முதலில் எங்கள் வீட்டுக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சுவரில் மாட்டுகிற பழைய பெண்டுலக் கடிகாரம். ஒரு நாள் நின்றுபோயிருந்தது. சாவி கொடுத்தேன், முள்ளை விரலால் தள்ளி நேரம் வைத்தேன். ஒவ்வொரு மணியிலும் அது அடித்து முடிக்கும்வரை காத்திருந்துதான் தள்ள வேண்டுமாம். எனக்கு அந்தப் பொறுமை ஏது? முள் நான்கில் நிற்கிறது, மணி ஏழு அடிக்கிறது. ஐந்துக்கு எட்டு. ஆறுக்கு ஒன்பது. முகத்தில் சரியான நேரம், வாயைத் திறந்தால் தப்பான நேரம். (நான் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. தம்பி ஏன் நிமிர்ந்து உட்காருகிறார் என்று தெரியவில்லை.)

இரவு பதினோரு மணிக்கு அது இரண்டு அடித்தது. பொறுக்க முடியாமல் தேடுபொறியில் 'கடிகாரம் தப்பாக மணி அடிக்கிறது' என்று தட்டினேன். வரிசையாகப் புதுக் கடிகார விளம்பரம். அதற்குக் கீழே ஒரு கட்டுரை. முதல் வரி, 'கடிகாரம் என்பது நேரத்தைக் காட்டும் கருவியாகும்.' நல்லவேளை சொன்னீர்கள், நான் இத்தனை நாளும் அதில் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன்! அடுத்தது, 'கடிகாரம் தப்பாக அடிப்பதற்கான 10 காரணங்கள்.' பொறுமையாகப் பத்தாவது வரை போனேன். 'உங்கள் கடிகாரம் பழுதாகியிருக்கலாம்.'

ஆறாவது பக்கமோ ஏழாவது பக்கமோ, ஒரு வலைப்பூ. கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, பார்த்தாலே கண் கூசுகிறது. எழுதியவர் கடிகாரப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'இந்த வகைப் பழைய கடிகாரத்தில் மணி அடிக்கிற பகுதிக்கு முள் எங்கே நிற்கிறது என்று தெரியாது. போன தடவை எத்தனை அடித்தோம் என்பது மட்டும்தான் தெரியும். உள்ளே ஓர் எண்ணும் சக்கரம் இருக்கிறது, அது அடுத்த பள்ளத்துக்கு நகரும், அடுத்த எண்ணை அடிக்கும். கீழே தொங்கும் மெல்லிய கம்பியைத் தூக்கித் தூக்கி அடிக்கவிட்டு, முள்ளோடு சேர்த்துவிடுங்கள்.'

முடிந்தது. நான் எழுந்து போய்க் கம்பியைத் தூக்கியிருக்க வேண்டும். போனேனா? பக்கவாட்டில் 'நான் படிப்பவர்கள்' என்று ஐந்து பெயர் போட்டிருந்தார். சும்மா ஒன்றைச் சொடுக்கினேன்.

ஒரே ஒரு சுவரில் வளரும் பாசியை மாதம் ஒரு படம் எடுத்துப் போடுகிறார் ஒருவர். ஒன்பது வருடமாக. சுவர் அதேதான். பாசி மட்டும் கொஞ்சம் ஏறும், வெயிலில் கருகும், திரும்ப ஏறும். ஏழாம் வருடம் யாரோ சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். எனக்கு நெஞ்சு அடைத்தது! வேகமாகக் கீழே உருட்டுகிறேன், பிழைக்குமா பிழைக்காதா. எட்டாம் வருடம் மூலையில் பச்சையாக ஒரு புள்ளி. கைதட்டிவிட்டேன். நள்ளிரவில், தனியாக, பாசிக்கு.

பாசிக்காரர் பக்கத்திலிருந்து ஒரு செவிலியரின் பக்கத்துக்குப் போனேன். இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் வழியில் பார்க்கும் நாய்களைப் பற்றி மட்டும் எழுதுகிறார். மருத்துவமனையைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆனால் அன்று நாய்க்காக எத்தனை வரி செலவழித்திருக்கிறார் என்பதை வைத்தே அந்த இரவு எப்படிப் போயிருக்கும் என்று நமக்குப் புரிந்துவிடும்.

இப்போது மணி இரண்டு. கடிகாரம் என்ன செய்யும்? சரியாகச் சொன்னீர்கள், ஐந்து அடித்தது. என் மனைவி எழுந்தார். குளித்தார். தலை துவட்டிக்கொண்டே வெளியே வந்து, 'என்ன, இன்னும் விடியவே இல்லை?' என்றார்.

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, இன்னொரு முறை சொல்கிறேன். நடுராத்திரி இரண்டு மணி. தலையில் ஈரத்துண்டோடு அவர். கணினி வெளிச்சத்தில் நாய்க் கதை படித்துக் கண் கலங்கியபடி நான். 'கடிகாரத்தைச் சரி பண்ணத்தானே உட்கார்ந்தீர்கள்?' 'ஆமாம், பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.' அவர் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் பார்த்தார் பாருங்கள், அதற்குப் பயந்துதான் விடியும்வரை எழுந்திருக்கவில்லை. காலை ஆறு மணிக்கு அது ஒன்பது அடித்ததும் கம்பியைத் தூக்கினேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று சுற்றி ஆறில் வந்து நிற்க, எண்ணிப் பாருங்கள், மொத்தம் 54 அடி. அக்கம்பக்கத்தில் விளக்கு எரிந்தது.

சரி, வாதத்துக்கு வருகிறேன். தம்பி புகழ்ந்தாரே, பரிந்துரை, அது அந்த எண்ணும் சக்கரம்தான். நாம் எங்கே நிற்கிறோம் என்று அதற்குத் தெரியாது. போன தடவை எதைத் தொட்டோம் என்பது தெரியும், அதற்கு அடுத்ததை அடிக்கும். கடிகாரம் தேடியவனுக்கு நாற்பது நாள் கடிகாரம் காட்டியது. கடிகாரத்திலிருந்து பாசிக்கும், பாசியிலிருந்து நாய்க்கும் எந்தச் சக்கரம் போகும்? அந்த ஐந்து பேரிடையே பொதுவாக எதுவுமே இல்லை, ஒரு மனிதருக்கு அவர்களைப் பிடித்திருந்தது என்பதைத் தவிர.

வாதம் அவ்வளவுதான். மீதி நேரம் முழுவதும் தம்பிக்கு. அவர் ஒன்று சொன்னார், நீங்களும் கைதட்டினீர்கள். 'வலைப்பூ தேடுவது கல்லறையில் போய் முகவரி கேட்பது மாதிரி. எதைத் திறந்தாலும் கடைசிப் பதிவு ஒன்றுதான்: மன்னிக்கவும், ரொம்ப நாளாயிற்று, இனி வாரம் ஒரு பதிவு! தேதி 2011.'

தம்பி, வலித்தது. ஏனென்றால் என் வலைப்பூவின் கடைசிப் பதிவு அதேதான். வார்த்தை மாறவில்லை. தேதி மட்டும் தப்பு, 2012. அந்த ஓராண்டை எனக்குத் திருப்பித் தர வேண்டும் என்று நடுவரிடம் முறையிடுகிறேன். நான் போட்டது 'மன்னிக்கவும்' என்று தொடங்கும் மூன்றாவது பதிவு என்பதை எதிரணி கண்டுபிடிக்காதது அவர்களின் ஆராய்ச்சிக் குறைபாடு.

ஆனால் கல்லறை என்றீர்களே, செத்தது யார்? வீடுகளா, வீடுகளுக்குப் போகும் பாதையா? 1990களில் சேஜ் வெயில் என்ற மாணவர் வெப்ரிங் தொடங்கினார். ஒரே ஆர்வமுள்ள தளங்கள் கைகோத்து நிற்கும், 'அடுத்தது' என்று அழுத்திக்கொண்டே போனால் ஒரு சுற்று சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே வரலாம். லட்சக்கணக்கானோர் சொந்தப் பக்கம் கட்டிய ஜியோசிட்டீஸை 1999இல் யாஹூ வாங்கியது, 2009இல் இடித்தது. மனிதர் கையால் தொகுத்த யாஹூ பட்டியல் 2014இல் போயிற்று, அதே மாதிரிப் பட்டியலான டிமாஸ் 2017இல். பிடித்தவர்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் சேர்த்துக் கொடுத்த கூகுள் ரீடரை 2013 ஜூலை 1 அன்று மூடினார்கள். ரோட்டைத் தோண்டிப் போட்டுவிட்டு, வீட்டில் ஆளே இல்லை என்றால் எப்படித் தம்பி?

ஒரு தளத்தின் புதுப் பதிவுகளைத் தானாகக் கொண்டுவந்து தரும் ஓடையும் சாகவில்லை. ஆர்எஸ்எஸ் என்கிறோமே, 1999இல் வந்தது. தம்பி வரும் வழியில் பாட்காஸ்ட் கேட்டேன் என்றார் அல்லவா? அது பெரும்பாலும் அந்த ஓடை வழியாகத்தான் வந்திருக்கும். கல்லறையிலிருந்து வந்த சத்தத்தைக் காதில் மாட்டிக்கொண்டு மேடை ஏறியிருக்கிறார்.

புதுப் பாதையும் போட்டிருக்கிறார்கள். ஸ்வீடனில் ஒருவர் தனியாக எழுதிய மார்ஜினாலியா என்ற தேடுபொறி, ஜோடனைப் பக்கங்களைப் பின்னால் தள்ளி எழுத்துப் பக்கங்களை முன்னால் கொண்டுவருகிறது. ஃபில் கைஃபோர்டு 2022இல் தொடங்கிய ஊ டைரக்டரி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வலைப்பூக்களைத் துறைவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறது. 2023இல் தேடுபொறி நடத்தும் காகி நிறுவனம் 'ஸ்மால் வெப்' என்று ஒன்று வைத்தது. பொத்தானை அழுத்தினால் யாரோ ஒருவரின் வீட்டு வாசலில் விடும், அதுவும் சமீபத்தில் எழுதியவர் வீட்டில் மட்டும். தம்பிக்குப் பேய் பயம் இருந்தால் அங்கிருந்து தொடங்கலாம்.

இன்னொன்று. 1997இல் ஜோர்ன் பார்கர் என்ற அமெரிக்கர் 'வெப்லாக்' என்ற சொல்லைப் போட்டபோது, தான் இணையத்தில் படித்தவற்றின் சுட்டிகளைத்தான் நாள்தோறும் அந்தப் பெயரில் குறித்து வைத்தார். அதாவது, வலைப்பூ பிறக்கும்போதே கைகாட்டிக்கொண்டு பிறந்தது.

நடுவர் மணியைத் தொடுகிறார். ஐயா, அடிக்கும் முன் ஒரு நிமிடம். கடிகாரத்தைப் பாதியில் விட்டுவிட்டேன்.

அந்த மஞ்சள் எழுத்துக்காரர் இருக்கிறாரே, தம்பி கணக்குப்படி அவரும் கல்லறைதான். கடைசிப் பதிவு 2014. அறிமுகப் பக்கத்தைப் பிறகுதான் படித்தேன். 'கை இன்னும் நன்றாக இருக்கிறது, மறதிதான் வந்துவிட்டது. மருத்துவர் பெயர் சொன்னார், அதுவும் மறந்துவிட்டது. தெரிந்ததையெல்லாம் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன், யாருக்காவது ஆகும்' என்று இருந்தது. பதிவுகளைத் தேதிவாரியாகப் பார்த்தால் தெரிகிறது. ஆரம்பத்தில் நீளமாக, விளக்கமாக. போகப் போகச் சின்னதாக. கடைசிப் பதிவில் ஒரே வரி: 'எண்ணெய் ஒரு சொட்டு போதும்.'

எண்ணும் சக்கரம் பதிவுக்குக் கீழே ஒரு பின்னூட்டம் கூட இல்லை. நான் எழுதினேன். ஐயா, உங்களால் எங்கள் கடிகாரம் சரியாக அடிக்கிறது, 54 அடி அடித்து ஊரை எழுப்பிவிட்டேன், மிக்க நன்றி. யாரும் படிக்கப் போவதில்லை என்று தெரிந்துதான் எழுதினேன். எழுதிவிட்டு மறந்தும் போனேன்.

ஏழு மாதம் கழித்து மின்னஞ்சலில் வந்து விழுகிறது, உங்கள் பின்னூட்டத்துக்குப் பதில் என்று. திறந்தேன்.

'இந்தப் பக்கத்தை எழுதியது நான்தான் என்று மகள் சொல்கிறாள். உங்கள் கடிதத்தைக் காட்டினாள். அதனால் மேலே இருப்பதையும் உட்கார்ந்து படித்தேன். ஆள் விஷயம் தெரிந்தவர்தான். உங்கள் கடிகாரம் இப்போது மணி எத்தனை அடிக்கிறது?'

நேரம் பார்த்தேன். எட்டாகப் போகிறது. கடிகாரத்துக்குக் கீழே போய் நின்று, எண்ணிவிட்டு வந்து, 'எட்டு ஐயா' என்று எழுதினேன்.

நடுவர் அவர்களே, நீங்கள் மணி அடிக்க வேண்டாம். நானே உட்கார்ந்துவிடுகிறேன்.