ஆறு கருவி, ஒரே உடம்பு

வானொலி நேயர்களுக்கு வணக்கம். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் காலையில் மைதானத்துக்குப் போய்த் திரும்பிய பிள்ளைகள் இதைக் கேட்டால் மகிழ்வேன். பள்ளிகளில் வேலை பார்க்கும் பி.டி. ஆசிரியர்கள் கேட்டால் இன்னும் மகிழ்வேன்.

ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டபோது, ஆண்களுக்கான தனிநபர் ஆல்-அரவுண்ட் போட்டியை எடுத்துக்கொண்டேன். ஒலிம்பிக்கிலும் உலகச் சாம்பியன்ஷிப்பிலும் தகுதிச் சுற்றில் தேறிய 24 பேர் இதன் இறுதிக்கு வருகிறார்கள். ஒரு நாட்டிலிருந்து 2 பேருக்குத்தான் இடம். ஜப்பானின் மூன்றாவது ஆள் எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் பார்வையாளர் வரிசையில் உட்கார வேண்டியதுதான். இறுதிக்கு வந்த 24 பேரும் ஒரே நாளில் ஆறு கருவிகளிலும் செய்து காட்ட வேண்டும். ஆறிலும் வாங்கிய புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து, யாருக்கு அதிகமோ அவருக்குத் தங்கம்.

கருவிகளை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஃப்ளோர். 12 மீட்டருக்கு 12 மீட்டர் சதுரம், அடியில் ஸ்பிரிங் வைத்த தளம். பெண்கள் இதை இசையோடு செய்வார்கள், ஆண்களுக்கு இசை கிடையாது. இரண்டாவது பாமல் ஹார்ஸ். அதைப் பற்றிக் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேச வேண்டும், பிறகு வருகிறேன். மூன்றாவது ரிங்ஸ். தரையிலிருந்து 2.80 மீட்டர் உயரத்தில் இரண்டு வளையங்கள் தொங்கும். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, உடம்பை அந்தரத்தில் நிறுத்துவார்களே, அது இங்கேதான். வளையம் ஆடாமல், கை நடுங்காமல் 2 விநாடி நிற்க வேண்டும். நான்காவது வால்ட். 25 மீட்டர் வரை ஓடி வந்து, ஸ்பிரிங் போர்டை மிதித்து, 1.35 மீட்டர் உயர மேசையில் கை ஊன்றிப் பறப்பது. சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். ஐந்தாவது பேரலல் பார்: பக்கம் பக்கமாக, ஒரே உயரத்தில் இருக்கும் இரண்டு கம்பிகள். ஆறாவது ஹை பார்: 28 மில்லிமீட்டர் கனமுள்ள ஒற்றைக் கம்பி, அதுவும் 2.80 மீட்டர் உயரத்தில். அதில் சுழன்று, கையை விட்டு மேலே பறந்து, திரும்பி வந்து அதே கம்பியைப் பிடிக்க வேண்டும்.

சரி, பாமல் ஹார்ஸுக்கு வருவோம். குதிரை ஏறிப் பழகுவதற்காக வைத்திருந்த மரக்குதிரையிலிருந்து வந்த கருவி இது. நீளம் 1.60 மீட்டர், உயரம் 1.15 மீட்டர், மேலே இரண்டு கைப்பிடிகள். இரண்டு கைகளும் மாறி மாறி ஊன்ற, சேர்த்து நீட்டிய கால்கள் கருவியில் எங்கும் படாமல் வட்டமடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் நிற்க முடியாது. பேரலல் பாரில் கைகளில் நிமிர்ந்து நிற்கும்போது ஒரு கணம் நிதானித்துக்கொள்ளலாம். ஃப்ளோரில் அடுத்த ஓட்டத்துக்கு முன் மூலையில் நின்று மூச்சு வாங்கலாம். பாமல் ஹார்ஸில் அந்தச் சலுகை இல்லை. ஒரு கை எடுக்கும் ஒவ்வொரு முறையும் உடம்பின் பாரம் முழுவதும் மற்ற மணிக்கட்டுக்குப் போகிறது. இடுப்பு கொஞ்சம் மடங்கினாலும் புள்ளி குறையும். கை இரண்டு விரற்கடை தள்ளி விழுந்தால் ஆளே கீழே வந்துவிடுவார். உலகின் மிகச் சிறந்த வீரர்களும் இந்தக் கருவியிலிருந்து விழுகிறார்கள். பார்ப்பதற்கு ஹை பார் போலப் பிரமிப்பாக இருக்காது, கைதட்டலும் குறைவு. ஆனால் எனக்கு ஆறிலும் மதிப்பு அதிகம் இதன்மேல்தான்.

இந்த ஆறு கருவிகளும் ஒரே உடம்பிடம் ஒன்றுக்கொன்று முரணானவற்றைக் கேட்கின்றன. ஃப்ளோருக்கும் வால்ட்டுக்கும் கால் வலு வேண்டும். மற்ற நான்கும் கையிலும் தோளிலும் நிற்பவை. துள்ளுவதற்காகத் தொடையில் சேர்த்த ஒவ்வொரு கிலோ தசையையும் ரிங்ஸில் தோள்தான் சுமக்க வேண்டும். ரிங்ஸுக்காகத் தோளை அதிகமாக இறுக்கிவிட்டால் ஹை பாரில் வளைந்து கொடுக்கும் தன்மை குறையும். அதனால்தான் ஒரு கருவியில் உலகச் சாம்பியனாக இருப்பவர் பெரும்பாலும் இந்தப் பக்கமே வருவதில்லை.

ஏரிக்கரை முழுக்கப் பலமாக இருந்து, ஓர் இடத்தில் மட்டும் மண் இளகியிருந்தால், தண்ணீர் அந்த இடத்தில்தான் உடைத்துக்கொண்டு போகும். ஆல்-அரவுண்டும் அப்படித்தான். தன் மோசமான கருவியில் யார் அதிகம் சரியாமல் நிற்கிறாரோ அவருக்கே இந்தப் பட்டம் போகிறது என்பது இத்தனை போட்டிகளைப் பார்த்து நான் வந்து சேர்ந்த முடிவு.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கைப் பாருங்கள். தங்கம் வென்றவர் ஜப்பானின் ஒகா ஷின்னோசுகே, வயது 20. இரண்டு வருஷத்துக்கு முன்னால் முழங்கால் தசைநார் கிழிந்தவர். அவர் வாங்கிய புள்ளிகளைச் சொல்கிறேன்: ஃப்ளோர் 14.566, பாமல் ஹார்ஸ் 14.500, ரிங்ஸ் 13.866, வால்ட் 14.300, பேரலல் பார் 15.100, ஹை பார் 14.500. மொத்தம் 86.832. இதில் 15ஐத் தாண்டியது ஒன்றுதான். ஆனால் ஒன்றுகூட 13.8க்குக் கீழே இறங்கவில்லை. வெள்ளி வாங்கிய சீனாவின் ஜாங் போஹெங் எடுத்தது 86.599. வித்தியாசம் 0.233. ஜாங் முதல் கருவியான ஃப்ளோரிலேயே விழுந்தார். விழுந்தால் முழுசாக 1 புள்ளி போகும். அந்த ஒரு தடுமாற்றம் இல்லையென்றால் தங்கம் சீனாவுக்குத்தான் என்று கணக்குப் பார்த்தாலே தெரியும். முதல் கருவியில் விழுந்த பிறகும், மீதி ஐந்தையும் கலங்காமல் செய்து, தங்கத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வந்தாரே என்று நான் வியந்துதான் போனேன். அதே இறுதியில், முந்தைய ஒலிம்பிக் சாம்பியன் ஹாஷிமோட்டோ டைகி விழுந்தது பாமல் ஹார்ஸிலிருந்து. ஆறாவது இடம்தான் கிடைத்தது. அடுத்த வருஷம், 2025ல், ஜகார்த்தா உலகச் சாம்பியன்ஷிப்பில் அதே ஹாஷிமோட்டோ ஆல்-அரவுண்ட் பட்டத்தைத் திரும்ப வாங்கினார்.

புள்ளி போடும் முறையையும் சொல்ல வேண்டும். செய்கிற வித்தை எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு கணக்கு. அதற்கு மேல்வரம்பு கிடையாது. எவ்வளவு சுத்தமாகச் செய்தார் என்பதற்கு 10லிருந்து கழித்துக்கொண்டே வருவார்கள். சின்னத் தப்புக்கு 0.1, நடுத்தரத் தப்புக்கு 0.3, பெரிய தப்புக்கு 0.5, விழுந்தால் 1. இரண்டையும் கூட்டினால் அந்தக் கருவியின் புள்ளி. ஆசைப்பட்டுக் கடினமான வித்தையைச் சேர்த்தால் முதல் கணக்கு ஏறும், பழகாமல் செய்தால் இரண்டாவது கணக்கு இறங்கும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று பயிற்சியாளரும் வீரரும் மாதக்கணக்கில் யோசிப்பது இதற்காகத்தான்.

முன்பெல்லாம் அதிகபட்சமாக 10 புள்ளிதான், அந்தப் பழைய ‘பெர்ஃபெக்ட் 10’ எங்கே போனது என்று கேட்பீர்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் அதற்கு ஒரு முக்கியக் காரணம். அமெரிக்காவின் பால் ஹாம் வால்ட்டில் தரையிறங்கும்போது நிலைதடுமாறி விழுந்து 12ஆம் இடத்துக்குப் போய்விட்டார். கடைசி இரண்டு கருவிகளிலும் 9.837 வாங்கி, தென்கொரியாவின் கிம் டே-உன்னை 0.012 புள்ளியில் முந்தித் தங்கம் வென்றார். அப்புறம்தான் விவகாரம் வெடித்தது. வெண்கலம் வாங்கிய இன்னொரு கொரிய வீரர் யாங் டே-யங் பேரலல் பாரில் செய்ததன் தொடக்க மதிப்பை, அதாவது தப்புகளைக் கழிக்கத் தொடங்கும் எண்ணை, நடுவர்கள் 10 என்று போடாமல் 9.9 என்று போட்டிருந்தார்கள். விளையாட்டு நடுவர் மன்றம் வரை போயும் முடிவு மாறவில்லை. யாங்குக்கு அநியாயம் நடந்தது என்றுதான் இன்றைக்கும் நான் நினைக்கிறேன். அதே சமயம், விழுந்த பிறகு ஹாம் செய்த இரண்டு கருவிகளும் அவருடைய உழைப்பு. அதில் அவர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் முன்னால் சொன்ன, மேல்வரம்பு இல்லாத புதிய முறை 2006ல் வந்தது.

நான் மறுபடி மறுபடி பார்ப்பது 2016 ரியோ ஒலிம்பிக் இறுதிப் போட்டியை. ஜப்பானின் உச்சிமுரா கோஹேய் 2009 முதல் 2015 வரை 6 உலகப் பட்டங்களை வரிசையாக வென்றவர், 2012 ஒலிம்பிக் சாம்பியன். ரியோவில் ஐந்து கருவி முடிந்தபோது உக்ரைனின் ஓலெக் வெர்னியாயெவ் அவரைவிட 0.901 முன்னிலையில் இருந்தார். மீதியிருந்தது ஹை பார் மட்டும். உச்சிமுரா 15.800 வாங்கினார். வெர்னியாயெவ் இறங்கும்போது பாதம் ஒட்டி நிற்கவில்லை, சின்னதாக ஒரு துள்ளல். கிடைத்தது 14.800. மொத்தக் கணக்கில் உச்சிமுராவுக்கு 92.365, வெர்னியாயெவுக்கு 92.266. வித்தியாசம் 0.099. பிறகு நடந்த செய்தியாளர் கூட்டத்தில், நடுவர்கள் உச்சிமுராவுக்குச் சாதகமாக இருக்கிறார்களோ என்கிற மாதிரி ஒருவர் கேட்டார். அது தேவையில்லாத கேள்வி என்று உச்சிமுராவுக்காகப் பேசியவர், தோற்ற வெர்னியாயெவ்தான்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021ல் நடந்த ஒன்றையும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். சீனாவின் ஷியாவ் ரூத்தெங் ஹை பார் முடித்துவிட்டு, நடுவர்களைப் பார்த்து வழக்கமாகக் கை உயர்த்தும் மரியாதையைச் செய்யவில்லை. 0.3 கழித்தார்கள். அவர் 0.4 பின்தங்கி வெள்ளி வாங்கினார். அந்த 0.3 இருந்திருந்தாலும் தங்கம் கிடைத்திருக்காதுதான். ஆனால் இறங்கியதோடு வேலை முடியவில்லை, கை உயர்த்தியதும்தான் முடிகிறது. முதல் நாள் பயிற்சியிலேயே இதைப் பழக்கிவிட வேண்டும்.

இப்போது நம் நாட்டுக்கு வருகிறேன். 2010ல் டெல்லி காமன்வெல்த் போட்டியில் ஆஷிஷ் குமார் வால்ட்டில் வெள்ளியும் ஃப்ளோரில் வெண்கலமும் வாங்கினார். அதே வருஷம் குவாங்சோ ஆசிய விளையாட்டில் ஃப்ளோரில் வெண்கலம். பெண்களில் தீபா கர்மாகர் 2016 ரியோவில் வால்ட்டில் 15.066 எடுத்து நான்காம் இடம் வந்தார், வெண்கலம் 0.150 புள்ளியில் போனது. 2024ல் தாஷ்கண்டில் அவர் ஆசியச் சாம்பியன் ஆனதும் வால்ட்டில்தான். பிரணதி நாயக் 2019லும் 2022லும் ஆசிய வெண்கலம் வாங்கியது வால்ட்டில். எல்லாம் கால் வலுவால் வந்த பதக்கங்கள். ஒவ்வொன்றும் பெருமைதான், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பாமல் ஹார்ஸும் ரிங்ஸும் நம்மிடம் காலியாகக் கிடக்கின்றன. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு 2024 பாரிஸ் வரை ஓர் இந்திய ஆண்கூட ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் கலந்துகொள்ளவில்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நம் இரண்டு மாவட்டங்களிலும் அதே கதைதான். பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிணறுகளில் பம்புசெட் மேட்டிலிருந்து பல்டி அடிக்கும் பையன்களைப் பாருங்கள். காற்றில் உடம்பைச் சுருட்டவும் விரிக்கவும் யாரும் சொல்லித் தராமலே அவர்களுக்குத் தெரிகிறது. கபடி ஆடுகிற பிள்ளைகளுக்கும், போலீஸ், ராணுவத் தேர்வுக்காக விடியற்காலையில் ஓடுகிறவர்களுக்கும் கால் பிரமாதமாக இருக்கிறது. குறை இருப்பது மணிக்கட்டிலும் தோளிலும். அதை 18 வயதில் தொடங்கிச் சேர்க்க முடியாது. 6, 7 வயதில் தொடங்கினால் வரும். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு பக்கம், பயிற்சி மையம் தேடிப் போகலாம். அரூர், பென்னாகரம், ஊத்தங்கரைப் பிள்ளைகளுக்கு அவர்கள் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு வழியில்லை.

பெற்றோர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தால் பையன் வளராமல் நின்றுவிடுவானா? பயிற்சியால் உயரம் குறைகிறது என்பதற்கு நிரூபணம் இல்லை. சுழலும்போது குள்ளமான உடம்புக்கு வசதி அதிகம், அதனால் இயல்பாகவே குள்ளமான பிள்ளைகள் இந்த விளையாட்டில் நிலைக்கிறார்கள். டிவியில் பார்க்கும்போது பயிற்சிதான் அவர்களைக் குள்ளமாக்கியது போலத் தோன்றுகிறது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். போனில் வீடியோ பார்த்துவிட்டுத் தார் ரோட்டிலும் சிமென்ட் தரையிலும் பின்பல்டி அடிக்காதீர்கள். கழுத்தில் படும் அடி வாழ்நாள் முழுக்கப் படுக்கையில் போட்டுவிடும். மெத்தை வேண்டும், பக்கத்தில் கை கொடுத்துப் பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அவை இல்லாத இடத்தில் பல்டி வேண்டாம்.

பாமல் ஹார்ஸுக்கான ஆரம்பப் பயிற்சிக்கு இவ்வளவு ஆபத்து இல்லை, செலவும் அதிகமில்லை. உலகம் முழுக்கச் சின்னப் பிள்ளைகள் அதைக் காளான் வடிவக் கருவியில்தான் தொடங்குகிறார்கள். குட்டையான கால், மேலே உருண்டையான மெத்தைத் தலை, அவ்வளவுதான். நல்ல தச்சர் ஒருவரும் சீட் தைக்கிறவர் ஒருவரும் சேர்ந்தால், மரத்தில் செய்து, ஸ்பாஞ்ச் வைத்து, ரெக்சின் இழுத்துத் தைத்துவிடலாம். உயரம் பிள்ளையின் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். அதற்கு நேர் மேலே பலமான கிளையிலோ உத்தரத்திலோ கயிறு கட்டி, ஒரு வாளியைத் தொங்கவிட வேண்டும். பிள்ளை இரண்டு பாதங்களையும் சேர்த்து வாளிக்குள் வைத்து, கைகளைக் காளான்மேல் ஊன்றி, வட்டமடிக்கப் பழக வேண்டும். காலின் பாரத்தை வாளி தாங்கிக்கொள்ளும், கைக்கு மாறி மாறி ஊன்றும் தாளம் மட்டும் மிஞ்சும். கயிறும் கொக்கியும் உறுதியாக இருக்கின்றனவா என்று ஆசிரியர் தினமும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையை ஏற்ற வேண்டும். இரண்டு பக்கமும் சுற்றப் பழக்குங்கள். எந்தப் பக்கம் இயல்பாக வருகிறது என்று தெரிந்த பிறகு அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளலாம். மணிக்கட்டு வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வாளி இல்லாமல் பத்து வட்டம் சுத்தமாக வர மாதங்கள் ஆகும், அவசரப்படுத்த வேண்டாம். இதைச் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்கள் நிலையத்துக்கு எழுதுங்கள். அளவுகளை வரைந்து அனுப்புகிறேன். வணக்கம்.