சந்திரதால் ஏரிக்குத் தனியாக

நேயர்களுக்கு வணக்கம். இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தில் சந்திரதால் என்று ஓர் ஏரி இருக்கிறது. உயரம் ஏறக்குறைய 4,300 மீட்டர். நம் தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர்தான். அதற்கும் மேலே இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகில் பையை மாட்டிக்கொண்டு தனியாகப் போய்வர நம் பிள்ளைகள் பலருக்கு ஆசை. நல்ல ஆசைதான். அவர்களுக்காகவே பேசுகிறேன்.

அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், சென்னையில் கிடைப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம். உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் நாள் எடுத்துக்கொள்ளும். மணாலி 2,050 மீட்டர். அங்கிருந்து காலையில் வண்டி பிடித்தால் மாலையில் ஏரிப் பக்கம் போய்விடலாம். பலரும் செய்வது அதுதான், இரவில் தலைவலியும் வாந்தியுமாகப் படுப்பதும் அதனால்தான். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, நேற்று தூங்கிய இடத்தைவிட இன்று தூங்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. பகலில் எவ்வளவு உயரம் ஏறினாலும் இறங்கிவிடலாம். இரவு எங்கே தூங்குகிறீர்கள் என்பதுதான் கணக்கு.

அதனால் சிம்லா பக்கமாகப் போங்கள். சிம்லா 2,200, கல்பா 2,950, தாபோ 3,280, காஸா 3,650. காஸாவில் இரண்டு இரவு தங்குங்கள். அடுத்து லோசர் கிராமம், ஏறக்குறைய 4,080. அதற்கப்புறம்தான் ஏரி. திரும்பும்போது மணாலி வழியாக இறங்குங்கள். நான்கைந்து நாள் கூடுதலாகும், ஆகட்டும். உயரத்துக்கு உடம்பு பழக உதவும் அசெட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாத்திரை இருக்கிறதே என்று படிகளைத் தாண்டிப் போகாதீர்கள்.

தனியாகப் போகிறவருக்கு இன்னொரு ஆபத்து உண்டு. உயரத்தில் மூளையில் நீர் கோத்தால் முதலில் கெடுவது நிதானம். நிதானம் கெட்டது அவருக்கே தெரியாது. கூட ஆள் இருந்தால், "ஏன் இப்படித் தள்ளாடுகிறாய்?" என்று கேட்பார். தனியாளை யார் கேட்பது? ஆகவே மாலை ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை, குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டிவைத்து நேர்கோட்டில் பத்தடி நடந்து பாருங்கள். கால் கோணினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், உடனே ஆளைக் கூப்பிட்டு இறங்குங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும் அப்படித்தான். கூடாரம் போடும் இடத்தில் இருப்பவர்களிடம், "காலை ஏழு மணிக்கு நான் வெளியே வராவிட்டால் வந்து எழுப்புங்கள்" என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தூக்க மாத்திரையும் மதுவும் வேண்டவே வேண்டாம்.

நடையைப் பற்றிக் கொஞ்சம். லோசரைத் தாண்டி வரும் குன்ஸம் கணவாயிலிருந்து ஏரிக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை, மொத்தத்தில் இறக்கம். விடிந்ததும் புறப்படுங்கள். வெயில் ஏற ஏறப் பனி உருகும்; காலையில் கணுக்கால் அளவு ஓடிய ஓடை பிற்பகலில் முழங்காலுக்கு மேல் வந்துவிடும். கடக்கும்போது செருப்போ ஷூவோ காலில் இருக்கட்டும், பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பை உங்களை நீருக்குள் அழுத்தும். பட்டை கழன்றிருந்தால் உதறிவிட்டு எழலாம். ஏரி 2005 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியமானது என்று பட்டியலிடப்பட்ட ஈரநிலம். கரையில் கூடாரம் போடத் தடை உண்டு, சில கிலோமீட்டர் தள்ளி ஒதுக்கிய இடத்தில்தான் தங்க வேண்டும். அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் தொலைபேசி கொண்டுபோவது நம் நாட்டில் குற்றம், கைபேசி சிக்னலையும் அங்கே நம்ப முடியாது. அதனால் திரும்பும் தேதியைக் காஸாவிலும் வீட்டிலும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது, சமையலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசி சரியாக வேகாது, பருப்பு வேகவே வேகாது. அவல், வறுத்த ரவை, சேமியா கொண்டுபோங்கள். கேஸ் கேனை விமானத்திலும் ரயிலிலும் எடுத்துப்போக முடியாது, மலையடிவார ஊரில் வாங்க வேண்டும். பியூட்டேன் மட்டும் உள்ள கேன் உறைகுளிரில் எரியாது, இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலையில் திடீர்ப் பனியில் சாலை அடைபட்டு ஏறத்தாழ 300 பேர் அங்கே நாள்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். ஜூலைதானே என்று இருக்க வேண்டாம், இரண்டு நாள் உணவு கூடுதலாகப் பையில் இருக்கட்டும். காலி கேனையும் பிளாஸ்டிக் உறைகளையும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். வணக்கம்.