பேச்சு அப்புறம் வரட்டும், முதல்ல கை நீளட்டும்

நடுவர் ஐயாவுக்கும் ரங்கூன் தமிழ்ச் சொந்தங்களுக்கும் வணக்கம். தாத்தா பாட்டிக்கும் பேரப்பிள்ளைங்களுக்கும் நடுவுல பாசத்த நிக்க வைக்கிறது பேச்சா பணிவிடையான்னு கேட்டிருக்கீங்க, நான் பணிவிடைதான்னு பேச வந்திருக்கேன்.

எதிரணி தம்பி என்ன சொன்னாரு? பாட்டி தமிழ்ல கூப்புடுறாங்க, பேரன் பர்மா பாஷையில பதில் சொல்றான், இதுல பாசம் எங்க ஒட்டும்னு கேட்டாரு. நியாயமான கவலைங்க, எனக்கும் அது உண்டு. ஆனா அது எப்படி வந்துச்சுன்னு பாருங்க. 1962ல இங்க பர்மாவுல ராணுவத் தளபதி நெ வின் ஆட்சிக்கு வந்தாரு, 1964ல கடை கண்ணியெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, நம்மாளுங்க ஆயிரக்கணக்குல கப்பலேறிட்டாங்க, அடுத்தாப்ல தனியார் பள்ளிக்கூடமும் போச்சு. அதுக்கப்புறம் பொறந்தவங்களுக்கு தமிழ் எங்கேருந்து கெடச்சுச்சு? கோயில்லயும் வீட்லயும்தான். பாட்டி உக்கார வச்சு இலக்கணமா நடத்துனாங்க? வெத்தல இடிச்சுக்குடு, மாவு சலி, விளக்குத் திரி திரின்னு வேலதான் வாங்குனாங்க, நம்ம வாயில இன்னைக்கு இருக்குற தமிழு அந்த வேலையோட சேந்து வந்ததுதான்.

சரி, நம்ம கதைய விடுங்க, பர்மாக்காரங்க வீட்டுக்கு வாங்க. அவங்க புத்தாண்டுப் பண்டிகை திஞ்சான்னா ரோட்டுல தண்ணி ஊத்தி ஆடுறது மட்டும்தான் நம்ம கண்ணுல படுது. அதே நாள்ல வயசானவங்கள உக்கார வச்சு சின்னப்புள்ளைங்க தலைக்கு ஊத்தி விடுவாங்க, நகம் வெட்டி விடுவாங்க. தயோ மரப்பட்டையும் கின்புன் காயும் சேத்து கொதிக்க வச்ச தண்ணி அது, கின்புன்னா வேற ஒண்ணுமில்ல, நம்ம சீயக்காதான்! பேத்தி ஒரு கையால கெழவி கண்ணுல வழியாம நெத்திய மறைச்சுக்கிட்டு இன்னொரு கையால முடிய அலசுவா பாருங்க, அங்க என்ன பேச்சு வேணும்? தடிஞ்சூட்ங்கிற விளக்குத் திருவிழா பௌர்ணமி வந்தா பழமும் துணியும் வச்சு தாத்தா பாட்டிய மண்டி போட்டுக் கும்புடுறாங்க, நம்ம புள்ளைங்க பொங்கலுக்கு கால்ல விழுந்து திருநீறு வாங்குதுங்க.

அப்பா தமிழ் அம்மா பர்மான்னு இருக்குற குடும்பம் நம்ம தெருவுலயே எத்தன? அந்தப் புள்ளைக்கு ஒரு பக்கம் பாட்டி, மறுபக்கம் ப்வாப்வா, அதான் பர்மாப் பாட்டி. நம்ம சந்தனம் மாதிரி பூசிக்கிற தனக்கா கட்டைய கல்லுல தண்ணி விட்டு ஒரைச்சு கன்னத்துல பூசி விடுற ப்வாப்வாவுக்கு தமிழ் ஒரு எழுத்து தெரியாது, ஆனா அந்தப் புள்ள அவங்க மடிய விட்டு எறங்க மாட்டேங்குது.

வெளிநாட்டுல இருக்குற புள்ளைக்கு போன் பேச்சுதானே வழின்னும் கேட்டாங்க. பேசட்டுங்க, வேணாங்கல. ஆனா தாய்லாந்துல வேலை பாத்துக்கிட்டே இங்க பாட்டிக்கு பிரஷர் மாத்திரை என்னைக்கு தீருதுன்னு குறிச்சு வச்சு, பக்கத்து வீட்டு அக்காவுக்கு காசு அனுப்பி முன்னாடியே வாங்கி வைக்கச் சொல்ற பேத்தியும் இருக்கா, அவ செய்யுறது பேச்சா பணிவிடையா? நடுவர் ஐயா, நீங்களே சொல்லுங்க.