இங்கேயும் நாற்பது, அங்கேயும் நாற்பது

நேயர்களுக்கு வணக்கம். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம் வகுப்பறையில் கிடைத்ததல்ல, சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கிடைத்தது.

போன சித்திரையில் ஒரு நாள், ராத்திரி எட்டு மணி. மின்விசிறி அனலைத்தான் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருக்கிறது. சிகாகோவில் இருக்கும் மகளோடு என் மனைவி போனில் பேசுகிறாள்.

"அங்கே எப்படி இருக்கு கண்ணு?"

"நாப்பது டிகிரிம்மா. கையெல்லாம் விறைக்குது."

"இன்னிக்கு இங்கேயும் நாப்பதுதான். உனக்கு மட்டும் எப்படிடீ விறைக்குது?"

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். மகள் சொன்னது ஃபாரன்ஹீட், அம்மா சொன்னது செல்சியஸ். சிகாகோவின் 40ஐ நம் கணக்குக்கு மாற்றினால் நாலரை டிகிரிகூட இல்லை. சேலத்தின் 40ஐ அவர்கள் கணக்குக்கு மாற்றினால் 104. டிகிரி என்று மட்டும் சொல்லி, எந்த டிகிரி என்று சொல்லாமல் விட்டால் இப்படித்தான்.

அமெரிக்காவரை போவானேன்? நம் ஊரிலேயே இந்தக் குழப்பம் உண்டு. வானிலை மையம் செல்சியஸில் அறிவிக்கிறது. மறுநாள் தமிழ்ப் பத்திரிகையில் "சேலத்தில் வெயில் சதம்" என்று தலைப்பு வருகிறது. அந்தச் சதம் ஃபாரன்ஹீட் சதம். செல்சியஸில் அது 37.8தான். செல்சியஸில் சதம் அடித்தால் ஏரித் தண்ணீர் கொதித்துவிடும். ஆனாலும் பத்திரிகைக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். கிரிக்கெட் பார்க்கிற ஜனங்களுக்கு 37.8 என்றால் என்ன தெரியும்? நூறு என்றால் சட்டென்று உறைக்கிறது.

1957இல் அணாவுக்குப் பதிலாக நயாபைசா வந்தது. அதையொட்டிய வருடங்களில் கிலோவும் லிட்டரும் வந்தன. ஆனால் எல்லாவற்றையும் நாம் மாற்றிக்கொண்டுவிடவில்லை. சாலை கிலோமீட்டரில், ஆள் உயரம் அடியில், நிலம் ஏக்கரில், நகை பவுனில். அதே மாதிரிதான் வெயில் செல்சியஸில், காய்ச்சல் ஃபாரன்ஹீட்டில். "குழந்தைக்கு நூற்றிரண்டு டிகிரி" என்றால் டாக்டருக்கும் புரியும், பாட்டிக்கும் புரியும். "38.9" என்று சொல்லிப் பாருங்கள், பாட்டி போர்வையை எடுத்து மடித்து வைத்துவிடுவார்.

சொன்னால் வெட்கம், எங்கள் வீட்டில் நடந்தே இருக்கிறது. பழைய பாதரசத் தெர்மாமீட்டர் கை தவறி உடைந்துபோய், டிஜிட்டல் ஒன்று வாங்கினோம். அதில் பொத்தானைக் கொஞ்சம் அதிக நேரம் அழுத்தினால் அளவு மாறிவிடும் போலிருக்கிறது, எங்களுக்குத் தெரியாது. பேரனுக்கு வைத்துப் பார்த்தோம், 38.5 காட்டியது. "98க்கே பயமில்லை, இது 38தானே" என்று மனைவி கருவியை அலமாரியில் வைத்துவிட்டாள். இயற்பியல் வாத்தியார் பக்கத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பையன் உடம்பு அடுப்பு மாதிரி கொதித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. 38.5 என்றால் 101.3!

அதை எப்படி மனக்கணக்காகப் போடுவது? ஒன்பதால் பெருக்கி ஐந்தால் வகுத்து 32ஐக் கூட்டு என்று பாடப்புத்தகம் சொல்லும். பேச்சுவாக்கில் அது ஆகாது. நான் செய்வது இது. இரட்டியுங்கள், அதில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள், 32ஐக் கூட்டுங்கள். நாற்பதை இரட்டித்தால் எண்பது, எட்டு போனால் எழுபத்திரண்டு, 32ஐச் சேர்த்தால் 104. இது உத்தேசமல்ல, துல்லியமான விடையே. திருப்பிப் போட வேண்டுமென்றால் 32ஐக் கழித்து, பாதியாக்கி, அதில் பத்தில் ஒரு பங்கைச் சேருங்கள். இது மட்டும் ஒரு இம்மி குறைத்துக் காட்டும். பேச்சுக்குப் போதும்.

அந்த 32 எங்கிருந்து வந்தது? தண்ணீர் உறையும் இடத்தை செல்சியஸ் கணக்கு பூஜ்யம் என்கிறது. 1724இல் தன் அளவை வெளியிட்ட ஃபாரன்ஹீட், உப்பும் பனிக்கட்டியும் கலந்த கலவையின் குளிரைப் பூஜ்யமாக வைத்தார். அதனால் அவருக்குத் தண்ணீர் உறையும் இடம் 32 ஆகிவிட்டது. 1742இல் வந்த செல்சியஸ் முதலில் தலைகீழாகத்தான் வைத்தார், கொதிப்பது பூஜ்யம், உறைவது நூறு என்று. பிற்பாடுதான் அது திருப்பப்பட்டது. இல்லாவிட்டால் சேலத்து வெயில் ஏற ஏற டிகிரி இறங்கிக்கொண்டிருக்கும்!

இந்த 32தான் ஆளைக் கவிழ்க்கும். ஏற்காடு பஸ்ஸில் ஒரு முறை என் பக்கத்தில் ஒரு தம்பி. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறியிருப்போம், ஜன்னல் காற்று சில்லென்று மாறிவிட்டது. கீழுக்கும் மேலுக்கும் எட்டு டிகிரி வித்தியாசம் இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். அது நியாயமான கணக்குதான். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும், நாம் ஏறுவது ஆயிரத்து இருநூறு மீட்டர்போல. தம்பி உடனே செல்போனைக் கேட்டார், எட்டு செல்சியஸ் எத்தனை ஃபாரன்ஹீட் என்று. 46.4 என்று பதில் வந்தது. வெளிநாட்டு நண்பருக்கு அப்படியே அனுப்பிவிட்டார், "எங்கள் மலையில் 46 டிகிரி குறையும்." அப்படிக் குறைந்தால் ஏற்காட்டு ஒண்டிக்கடைப் பகுதியில் மே மாதம் மூச்சுவிட்டால் புகை வரும்.

போன் பொய் சொல்லவில்லை. எட்டு டிகிரியில் ஒரு பொருள் இருந்தால் அது 46.4தான். ஆனால் தம்பிக்கு வேண்டியது எட்டு டிகிரி குறைவது. குறைவதிலும் கூடுவதிலும் அந்த 32க்கு வேலையில்லை. வெறுமனே இரட்டித்துப் பத்தில் ஒன்றைக் கழித்தால் போதும், 14.4. "இயல்பைவிட ஐந்து டிகிரி அதிகம்" என்று செய்தி வந்தால் ஒன்பது ஃபாரன்ஹீட் என்று எடுத்துக்கொள்ள வேண்டும், நாற்பத்தொன்று என்று அல்ல. உலகம் ஒன்றரை டிகிரி சூடாகிறது என்கிறார்களே, அது 2.7. தம்பியிடம் சொன்னேன். "அனுப்பிட்டேனே சார்" என்றார்.

ஏற்காடு என்றதும் இன்னொன்று. தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும் என்று பிள்ளைகளுக்கு நானே ஆயிரம் தடவை எழுதிப் போட்டிருக்கிறேன். அது கடல்மட்டத்துக் கணக்கு. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும், கொதிநிலையும் இறங்கும். சேலத்தில் 99 சொச்சம், ஏற்காட்டில் 95 வாக்கில். அங்கே பருப்பு வேகத் தாமதமாவது அதனால்தான்.

இதெல்லாம் தெரிந்தவன்தான் நான். ஒரு தீபாவளிக்கு ஏற்காட்டில் மச்சினி வீட்டில் அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சினார்கள். பாகுக்கென்றே வாங்கிய தெர்மாமீட்டரோடு நான் போய் அடுப்பருகே நின்றுகொண்டேன். சேலத்தில் அளந்து வைத்திருந்தேன், உருட்டுப் பதம் 113 டிகிரி. மச்சினி கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டு, இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தாள்.

"பதம் வந்துடுச்சு மாமா, இறக்கட்டுமா?"

நான் குனிந்து பார்த்தேன், 109. "இன்னும் நாலு டிகிரி இருக்கு, பொறு" என்றேன். கொதிநிலை நாலு டிகிரி இறங்கிய ஊரில் பதமும் அதே நாலு டிகிரி இறங்கியிருக்கும் என்பது அந்த நேரம் பார்த்து மறந்துபோயிற்று. அவளும் பெரியவர் சொல்கிறாரே என்று பொறுத்தாள்.

அந்த வருட அதிரசத்தைப் பாலில் ஊறவைத்துத்தான் தின்ன முடிந்தது. வணக்கம்.