காலி இடத்தைக் காட்ட நாவலால்தான் முடியும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த மழையிலும் குடை பிடித்துக்கொண்டு கொழிஞ்சாம்பாறைக்கு வந்திருக்கும் பெரியவர்களே, குழந்தைகளே, வணக்கம்.

இன்று ஜூன் 19. ஊர் ஊராக வாயனசாலை, அதாவது நூலகம், திறக்க வைத்த பி.என். பணிக்கரின் நினைவு நாள், நம் கேரளத்தின் வாசிப்பு நாள். ஒரு குழந்தையின் துக்கத்தை உள்ளபடி சொல்வது நாவலா, திரைப்படமா என்பது தலைப்பு. எடுத்துக்கொண்டது, காத்தரின் பேட்டர்சன் 1977இல் எழுதிய 'பிரிட்ஜ் டு டெராபிதியா' நாவலும் 2007இல் வந்த அதன் படமும். நான் நாவல் பக்கம்.

கதை தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஜெஸ் அமெரிக்கக் கிராமத்துப் பையன். பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவள் லெஸ்லி. கயிற்றில் தொங்கி ஓடையைத் தாண்டிப் போய், காட்டுக்குள் டெராபிதியா என்றொரு ராஜ்ஜியத்தைக் கற்பனையிலேயே கட்டுகிறார்கள். ஒருநாள் ஜெஸ் தன் இசை ஆசிரியையோடு வாஷிங்டனுக்கு ஓவியக்கூடம் பார்க்கப் போய்விடுகிறான். தனியாக ஓடையைத் தாண்டப் போன லெஸ்லி, கயிறு அறுந்து விழுந்து இறந்துபோகிறாள்.

எதிரணித் தம்பி பலமான ஒரு வாதத்தை வைத்தார். பேட்டர்சனுடைய மகனின் தோழி 1974இல், 8 வயதில், மின்னல் தாக்கி இறந்தாள். அதிலிருந்துதான் நாவல் பிறந்தது. அந்த மகன் டேவிட் பேட்டர்சனே படத்தின் திரைக்கதையை எழுதியவர்களில் ஒருவர். இழந்தவரே எழுதியிருக்கும்போது படம்தானே உண்மை என்று கேட்டார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும்தான் தட்டினேன்.

ஆனால் வருஷத்தைப் பாருங்கள். 1974க்கும் 2007க்கும் நடுவில் 33 வருஷம். வளர்ந்து ஆளான ஒருவர், சின்ன வயதில் இழந்த தோழிக்கு அவளுடைய ராஜ்ஜியத்தைக் கண்ணால் பார்க்கிற மாதிரி கட்டிக் கொடுக்கிறார். அரக்கி வருகிறாள், குட்டி வீரர்கள் பறக்கிறார்கள். அந்தப் பாசத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. நாவலோ மூன்றே வருஷத்தில் வந்தது. தோழியைப் பறிகொடுத்த பிள்ளை இன்னும் பிள்ளையாகவே வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்த காலத்தில் அவனுடைய அம்மா எழுதியது.

அப்படிப் பக்கத்தில் இருந்து எழுதியவர் என்ன எழுதினார்? லெஸ்லி இறந்த மறுநாள் காலை ஜெஸ், அம்மா சுட்டுப் போட்ட பேன்கேக்கை வயிறு நிறையச் சாப்பிடுகிறான். அக்கா அதைக் குத்திக்காட்டுகிறாள். அப்புறம் இன்னோர் இடம். உற்ற தோழி செத்துப்போன பையன் தன் வயதில் தான் ஒருவன்தான், இனிப் பள்ளியில் எல்லாரும் தன்னை மரியாதையாக நடத்துவார்கள் என்று அவனுக்குத் தோன்றுகிறது. தான் ஏதோ முக்கியமானவன் ஆகிவிட்ட மாதிரி ஒரு நினைப்பு.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், நடுவர் அவர்களே. நாலாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டாள். அவளை எடுத்துக்கொண்டு போனபோது, பிள்ளை பயந்துவிடும் என்று என்னை வேறொரு வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். அங்கே கொடுத்த இட்லியை எல்லாம் தின்றேன். "இதுக்கு ஒண்ணும் புரியல, பாவம்" என்றார்கள். பள்ளிக்குப் போனதும் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பிடித்ததை முப்பது வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. நான் கெட்ட பிள்ளை என்றே நினைத்திருந்தேன். யாரோ ஒரு அம்மா, எங்கேயோ இருந்துகொண்டு, அது துக்கத்தில் வரும் நினைப்புதான் என்று எழுதி வைத்திருக்கிறார்.

படத்தில் அந்தப் பையன் அழுகிறான். அப்பா அவனை அணைத்துக்கொள்ளும் இடத்தில் நானும் அழுதேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அழாமல் இருக்கிற பிள்ளையின் மனசுக்குள் ஓடுகிற, வெளியே சொல்ல வெட்கப்படுகிற நினைப்பு இருக்கிறதே, அதற்கு எந்த முகத்தைக் காட்டுவீர்கள்? அது சொல்லில்தான் வரும்.

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். ஜெஸ் பலகை போட்டுப் பாலம் கட்டித் தங்கை மே பெல்லைக் கூட்டிப்போகிறான். படத்தில் அந்த நிமிஷம் காடு முழுக்க ஒளி வந்துவிடுகிறது, குடிமக்கள் எல்லாரும் கண் முன்னே நிற்கிறார்கள். நாவலில் அங்கே மரம்தான் இருக்கிறது. உன்னைப் பார்க்க எல்லாரும் எக்கி எக்கி நிற்கிறார்கள் என்று அவன்தான் தங்கைக்குச் சொல்கிறான். லெஸ்லி தன் வாயால் உண்டாக்கிய உலகத்தை அவள் போன பிறகு அவன் தன் வாயால் உண்டாக்க வேண்டியிருக்கிறது. அவள் இல்லாதது அங்கேதான் எனக்கு உறைத்தது.

எங்கள் வகுப்பில், என் பக்கத்து இடம் அந்த வருஷம் முழுக்கக் காலியாகவே கிடந்தது. அதைக் காலியாகவே காட்டிய எழுத்துக்குத் தீர்ப்பு தாருங்கள், நடுவர் அவர்களே. வணக்கம்.