படி

நடுவர் ஐயா அவர்களுக்கும், பனியில் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும் வணக்கம். "பிள்ளைகளின் கல்விக்கு ஏற்ற இடம் பள்ளிக்கூடமா, வீடா?" இதுதான் தலைப்பு. வீடுதான் என்று பேச வந்திருக்கிறேன். மூன்று வருடமாக என் மகனை வீட்டில் வைத்துத்தான் படிக்க வைக்கிறேன்.

நாலாம் வகுப்பில் அவனுக்குப் பரீட்சை நாளென்றால் விடியும்போதே வயிற்று வலி வந்துவிடும். டாக்டரிடம் காட்டினோம், வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார். கணக்கு நோட்டைத் திறந்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. பின்னம். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. மேலே ஒன்று, கீழே எட்டு, நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பார்த்தாலே அவனுக்குக் கண் கலங்கும். அந்த வருடம் முடிந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டோம்.

அப்புறம் ஒரு நாள், வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள், மறுநாள் காலை இட்லி. எங்கள் அத்தை, அதாவது என் மகனுக்கு அப்பத்தா, பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காதவர். அவர் அரிசி அளக்கும் இரும்புப் படியையும் சின்ன அளவையான ஆழாக்கையும் எடுத்துப் பேரன் முன்னால் வைத்தார். "சாமி, எப்பவும் நாலு ஆழாக்கு அரிசிக்கு ஒரு ஆழாக்கு உளுந்து. இன்னைக்கு ரெண்டு படி அரிசி ஊறப் போடோணும். உளுந்து எத்தனைன்னு நீயே அளந்து போடு" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

பையன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஆழாக்கால் அள்ளி அள்ளிப் படியில் கொட்டினான். எட்டு கொட்டியதும் படி நிறைந்தது. ஒரு படிக்கு எட்டென்றால் இரண்டு படிக்குப் பதினாறு. பதினாறில் நாலு நாலு. "அப்பத்தா, நாலு ஆழாக்கு உளுந்து!" என்று கத்தினான்.

அத்தை விடவில்லை. "சரி, அந்த நாலையும் படியில கொட்டிப் பாரு, எதுவரைக்கும் வருது?"

"பாதி வரைக்கும்."

"அப்ப அது அரைப்படி. ரெண்டு ஆழாக்கு கொட்டுனா?"

"காப்படி."

"ஒரே ஒரு ஆழாக்கு?"

பையன் யோசித்தான். "எட்டுல ஒண்ணு."

"அதுக்குப் பேரு அரைக்கால், கண்ணு. கால்ல அரை."

தாய்மார்களே, அந்த இடத்தில் அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கையில் இருந்த ஆழாக்கைப் பார்க்கிறான், படியைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். "அம்மா, அரையையும் காலையும் பெருக்கினா எட்டில் ஒண்ணும்மா! அது பேர்லயே இருக்குதும்மா!" என்று உளுந்தோடு எழுந்து ஓடி வருகிறான். அரைக்கால். அரை, கால். ஒரு வருடம் முழுக்க அவன் வயிற்றைக் கலக்கிய கணக்கு, நம் பாட்டிமார் வாயில் ஒரு சொல்லாக இருந்திருக்கிறது. படிக்காத கிழவி சொல்லிக் கொடுத்தார், ஒரு வெங்காயம் உரிக்கும் நேரத்தில்!

கதை அதோடு முடியவில்லை. மாவைப் பாத்திரத்தின் விளிம்பு வரை வழித்து வைத்தவனும் அவன்தான். காலையில் மாவு பொங்கி அடுக்களைத் திட்டெல்லாம் வழிந்து கிடந்தது. நான் துணியை எடுத்தேன், அவன் நோட்டை எடுத்தான். அன்றிலிருந்து பாத்திரத்தின் வெளியே சோற்றுப் பருக்கையால் காகிதம் ஒட்டி, மணிக்கு மணி மாவு எங்கே நிற்கிறதென்று கோடு போட்டான். சித்திரையில் இத்தனை மணி நேரம், மார்கழியில் இத்தனை என்று எழுதினான். குளிரில் மாவு ஏன் மெதுவாகப் பொங்குகிறது என்று கேட்டான். மாவைப் பொங்க வைப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள், குளிர் வந்தால் அவற்றின் வேலை மந்தமாகும் என்று நானும் அவனும் சேர்ந்துதான் படித்துத் தெரிந்துகொண்டோம். ஒரு பாத்திர மாவில் கணக்கும் அறிவியலும் வந்துவிட்டது. விருந்தாளிகளுக்கு இட்லியும் வந்துவிட்டது.

இப்போது எதிரணித் தலைவர் அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். "வீட்டுக்குள்ளே வளர்கிற பிள்ளை பிராய்லர் கோழி, வெளியே விட்டால் ஓடத் தெரியாது" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். அண்ணன் வெளியூர்க்காரர், போகட்டும். ஆனால் பல்லடத்துக்கும் உடுமலைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் கை தட்டலாமா? உங்களில் எத்தனை பேர் வீட்டில் கோழிக் கொட்டகை இருக்கிறது?

நீங்களே சொல்லுங்கள். கொட்டகைக்கு வருவது என்ன குஞ்சு? எல்லாம் ஒரே நாளில் பொரித்த குஞ்சு. ஒரு நாள் மூத்தது இருக்குமா, இளையது இருக்குமா? ஆயிரக்கணக்கில் ஒரே வயது, ஒரே கொட்டகை, ஒரே தீவனம், ஒரே நேரம். அடிக்கடி பிடித்து எடை போடுவோம், எடை ஏறாத குஞ்சு கழிசல். நாற்பது நாளைச் சுற்றி இரண்டு கிலோ வந்ததும் வண்டியில் ஏற்றிவிடுவோம். வயது வாரியாகப் பிரித்து, எல்லோருக்கும் ஒரே தீனி போட்டு, மாதத்துக்கு ஒரு தடவை எடை போடுகிற இடம் வீடா, பள்ளிக்கூடமா? நடுவர் ஐயா சொல்லட்டும்.

நாட்டுக்கோழியைப் பாருங்கள். அடை காப்பது 21 நாள். குஞ்சு பொரித்த மறுநாளே தாய் வாசலுக்கு இறக்கிக் கூட்டி வந்துவிடும். குப்பையைக் கிளறும், "கொக் கொக்" என்று கூப்பிட்டுத் தின்னக் காட்டும். பருந்து நிழல் விழுந்தால் இறக்கைக்குள் இழுக்கும். இரண்டு மாதம் போல ஆனதும் அதே தாய் குஞ்சுகளைக் கொத்தி விரட்டும், போய்ப் பிழைத்துக்கொள் என்று. இதைத்தான் அண்ணா நாங்கள் செய்கிறோம்! நாங்கள் பிள்ளையை வாசலுக்கு இறக்கித்தான் விட்டிருக்கிறோம்.

"நாலு பேரைக் கண்டால் கதவிடுக்கில் ஒளியும்" என்றும் சொன்னீர்களே, என் மகன் இப்போது எங்கே இருக்கிறான் தெரியுமா? மைக் செட்காரர் பக்கத்தில் நிற்கிறான். இந்த ஒலிபெருக்கிக்கு எந்த வயர் போகிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான். கொத்தனாரிடம் ரசமட்டம் பிடிக்கக் கற்றிருக்கிறான், தையல்கார அக்காவிடம் அளவெடுக்கக் கற்றிருக்கிறான். சாயங்காலம் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளோடு கிரிக்கெட் ஆடுகிறான். எண்பது வயதுக்காரரோடும் பேசுவான், அஞ்சு வயதுப் பிள்ளையையும் விளையாட்டில் சேர்த்துக்கொள்வான்.

"பத்தாம் வகுப்பை எப்படி எழுதுவான்?" என்று எல்லோரும் கேட்கிறீர்கள், நியாயமான கேள்வி. தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 1989 முதல் நடக்கிறது, மத்திய அரசுடையது. 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதியலாம், அஞ்சு பாடத்தில் தேற வேண்டும். வருடத்துக்கு இரண்டு தடவை பொதுத்தேர்வு, 5 ஆண்டுக்குள் 9 வாய்ப்பு. நம் தமிழ்நாட்டுப் பாடநூல்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

வீட்டில் படிக்க வைக்க நினைக்கும் தாய்மார்களுக்கு ஒன்று சொல்கிறேன். நிறுத்திய மறுநாளே கரும்பலகை வாங்கி மாட்டாதீர்கள். நான் மாட்டினேன், இரண்டே வாரத்தில் அந்த வயிற்று வலி திரும்பி வந்தது. கழற்றி வைத்துவிட்டு மூன்று மாதம் அவனைச் சும்மா விட்டேன். தூங்கினான், மரம் ஏறினான், அப்புறம் அவனாகவே கேள்வி கேட்க ஆரம்பித்தான். இப்போதும் புத்தகத்தோடு உட்காருவது காலையில் ஒன்றரை மணி நேரம்தான். ராத்திரி படுக்கும் முன்னால் அன்று தெரிந்துகொண்டதை மூன்று வரி எழுதுவான். அவன் அப்பாவும் ராத்திரி ஒரு மணி நேரம் உட்காருகிறார். ஒருத்தர் தலையில் மட்டும் கட்டினால் இது நடக்காது.

பள்ளிக்கூடமே வேண்டாம் என்று நான் பேசவில்லை. காமராசர் ஊர் ஊராகப் பள்ளி திறந்து சோறும் போட்டதால்தான் என் அப்பா படித்தார். அந்தப் புண்ணியத்தை மறுக்கிற வாய் எனக்கில்லை. அந்தப் பள்ளிக்கூடம் கிடைக்காமல் போனவர்தான் எங்கள் அத்தை. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்று மாடு மேய்க்க அனுப்பிவிட்டார்கள்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, இரண்டே நிமிடம்.

போன வருடம் ஒரு மழை நாள். அத்தை திண்ணையில் உட்கார்ந்து பேரன் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாமி, என் பேரு எப்படி எழுதறது?" என்று மெதுவாகக் கேட்டார். அத்தனை வருடத்தில் என்னிடம் அவர் இதைக் கேட்டதில்லை. நானும் சொல்லித் தரட்டுமா என்று கேட்டதில்லை. பேரனிடம் கேட்கத் தோன்றியிருக்கிறது.

அவர் பெயரில் முதல் எழுத்து 'ப'. பையன் போட்டுக் காட்டினான். கீழே இறக்கி, குறுக்கே இழுத்து, மேலே ஏற்றி.

அத்தை உற்றுப் பார்த்தார். "இதென்ன, நம்ம படியாட்டமே இருக்குது?"

"ஆமா அப்பத்தா, படிக்கும் இதே எழுத்துத்தான்."

அத்தை கோலம் போட்ட கை. இரண்டு மாதம், தினமும் வாசலில் கோலம் போட்டு முடித்ததும் ஓரத்தில் கோலமாவால் அந்தப் பெயரைப் போட்டுப் பார்ப்பார், யாராவது வரும் முன்னால் காலால் கலைத்துவிடுவார்.

அப்புறம் முதியோர் உதவித்தொகை எடுக்க மூன்று பேரும் வங்கிக்குப் போனோம். அங்கிருந்தவர் வழக்கம்போல மை டப்பாவைத் தள்ளினார். அத்தை அதைத் திரும்ப அவர் பக்கமே நகர்த்தி வைத்தார். "வேண்டாமுங்க. நானே எழுதறனுங்க." கைநாட்டைக் கையெழுத்தாக மாற்ற ஒரு படிவம் கொடுத்தார்கள். பேனாவைப் பிடித்த விரல் நடுங்கியது. பின்னால் வரிசை நின்றது. பையன் காதோரம் குனிந்து, "முதல்ல படியைப் போடு அப்பத்தா" என்றான். போட்டார். மீதி நாலு எழுத்தையும் ஒவ்வொன்றாகப் போட்டார். வரிசையில் ஒருத்தர்கூட முனகவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, இடது கைக் கட்டை விரலை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். மை இல்லை.

வணக்கம்.